கேட்டின் கிறிஸ்துமஸ் உடைகள்: அபேயா, சாண்ட்ரிங்ஹாமா?

வேல்ஸ் இளவரசி கேட்டை டிசம்பரில் இரண்டு இடங்களில் பார்க்கலாம். ஒன்று, 2021 முதல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அவரே முன்னின்று நடத்தும் கரோல் பாட்டு நிகழ்ச்சி. இன்னொன்று, 25ஆம் தேதி காலை இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள சாண்ட்ரிங்ஹாமில் அரச குடும்பம் தேவாலயத்துக்கு நடந்து போவது.

அபேயில் தலையில் தொப்பி கிடையாது. எல்லாம் கேமராவுக்காகத் திட்டமிட்ட அழகு. 2021இல் பெரிய ‘போ’ (ரிப்பன் முடிச்சு) வைத்த சிவப்பு கோட், 2024இல் மறுபடி சிவப்பு, கழுத்தில் கறுப்பு ‘போ’. குறை சொல்ல முடியாது, ஆனால் வாழ்த்து அட்டை மாதிரி கொஞ்சம் கச்சிதம் அதிகம்.

என் ஓட்டு சாண்ட்ரிங்ஹாமுக்குத்தான். 2023இல் தலை முதல் கால் வரை ஒரே நீலம். 2024இல் பச்சை கோட், கட்டம் போட்ட ஸ்கார்ஃப். நார்ஃபோக் குளிரில் நடக்க வேண்டியிருப்பதால் உடையும் அதற்கேற்றபடி கனமாக இருக்கிறது. வழியில் நிற்கும் மக்கள் பூங்கொத்தை நீட்டுகிறார்கள், கைகொள்ளாமல் வாங்கிக்கொண்டு நடக்கிறார். அப்புறம் கேட்டின் கடைசி மகன், குட்டி லூயி! 2022இல் முதல்முறையாக அரைக்கால் சட்டையோடு நடந்து வந்தபோது, அம்மாவின் கோட்டை யார் கவனித்தார்கள்?

பாட்டுக் கேட்க மட்டும் அபேதான்.