ஸ்லீவா, பைபாஸா? கத்திக்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

எடைக்குறைப்பு அறுவைக்கு மனத்தளவில் தயாராகிவிட்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "எதில் கிலோ அதிகம் குறையும்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த அறுவையின் இரு வகைகளில் ஸ்லீவா, பைபாஸா என்று முடிவெடுக்க அது அவ்வளவாகக் கைகொடுக்காது. இரண்டுக்கும் இடையே கிலோவில் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். நெஞ்செரிச்சல், மாத்திரை, புகை, மது, வாழ்நாள் முழுக்கச் செய்துகொள்ள வேண்டிய ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில்தான் இரண்டும் வெகுதூரம் விலகிப்போகின்றன.

முதலில், உள்ளே என்ன செய்கிறார்கள் என்பது. ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை ஸ்டேப்ளர் கொண்டு நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். சுமார் 75 முதல் 80 சதவீத இரைப்பை போய்விடும். மிஞ்சுவது குறுகலான ஒரு குழாய். குடலில் கை வைப்பதில்லை. பசியைத் தூண்டும் க்ரெலின் ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கப்படும் அந்தப் பகுதியில்தான். ஆரம்ப மாதங்களில் பசியே எடுப்பதில்லை என்று பலரும் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் மேல்நுனியில் 30 மில்லி கொள்ளும் அளவுக்கு ஒரு சின்னப் பை செய்து, மீதியிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். பிறகு சிறுகுடலை ஓரிடத்தில் துண்டித்து, கீழ்த்துண்டை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு இணைக்கிறார்கள். சாப்பாடு பழைய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமல் நேரே கீழே இறங்குகிறது. பழைய இரைப்பை உள்ளேயே இருந்து சுரந்துகொண்டிருக்கும். "அப்படியானால் வேண்டாமென்றால் திருப்பி மாட்டிவிடலாமே" என்று நினைக்கத் தோன்றும். மாட்டலாம்தான், ஆனால் அது இன்னொரு பெரிய அறுவை. அந்த நம்பிக்கையில் பைபாஸைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஸ்லீவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, வெட்டியது வெட்டியதுதான்.

கிலோ கணக்கு

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகளில் முக்கியமானவை இரண்டு: பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ், சுவிட்சர்லாந்தின் எஸ்எம்-பாஸ். இரண்டின் ஐந்தாண்டு முடிவுகளும் 2018இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தன. பின்லாந்து ஆய்வில் ஐந்தாம் ஆண்டில் ஸ்லீவ் செய்தவர்கள் கூடுதல் எடையில் சராசரியாக 49 சதவீதமும், பைபாஸ் செய்தவர்கள் 57 சதவீதமும் இழந்திருந்தார்கள். சுவிஸ் ஆய்விலும் பைபாஸ் சற்று முன்னால்தான் நின்றது. ஆனால் புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க வித்தியாசமாக இல்லை.

"57 சதவீதம்" என்று காதில் விழுந்ததும் 120 கிலோ ஆள் 50 கிலோவுக்கு வந்துவிடுவதாக மனசு கணக்குப் போடும். இங்கேதான் பாதி ஏமாற்றங்கள் பிறக்கின்றன. அந்தச் சதவீதம் மொத்த எடையில் அல்ல, "கூடுதல் எடை"யில். உயரத்துக்குப் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் அளவு) 25 வரும் எடையைச் சரியான எடை என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் உள்ளதை மட்டும் எண்ணுவது வழக்கம்.

ஒருவருக்கு உயரம் 165 செ.மீ., எடை 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 44. அதே உயரத்தில் பி.எம்.ஐ. 25க்கு எடை 68 கிலோ. ஆக, கூடுதல் எடை 52 கிலோ. அதில் 49 சதவீதம் என்றால் சுமார் 25 கிலோ. 57 சதவீதம் என்றால் சுமார் 30 கிலோ. ஐந்தாம் ஆண்டு முடிவில் ஸ்லீவ் செய்தவர் 95 கிலோவை ஒட்டியும், பைபாஸ் செய்தவர் 90 கிலோவை ஒட்டியும் இருப்பார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 33க்கும் 35க்கும் நடுவே. மருத்துவ வரையறைப்படி இருவரும் அப்போதும் உடல் பருமன் உள்ளவர்கள்தான்.

இதைப் படித்ததும் "இதற்கா வயிற்றைக் கிழித்துக்கொள்வது" என்று தோன்றினால், அது அறுவைக்கு முன்பே தோன்றுவது நல்லது. என் பார்வையில் 30 கிலோ குறைவது சின்ன விஷயமில்லை. முழங்காலுக்கும் மூச்சுக்கும் தூக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 1987இல் தொடங்கி ஸ்வீடனில் நீண்டகாலம் நடந்த எஸ்ஓஎஸ் ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருப்பதை 2007இல் காட்டியது. ஆனால் பழைய கல்யாணப் போட்டோவில் உள்ள உடம்பு திரும்பி வரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். இன்னொன்று: எடை அடிமட்டத்தைத் தொடுவது பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களில். அதன் பிறகு கொஞ்சம் ஏறும். நான்கைந்து கிலோ ஏறியதும் "எனக்கு மட்டும் தோற்றுவிட்டது" என்று உடைந்துபோகிறவர்கள், அது எல்லோருக்கும் நடப்பது என்று முன்கூட்டியே கேள்விப்படாதவர்கள்.

நெஞ்செரிச்சல் இருக்கிறதா?

தேர்வைத் தீர்மானிக்கும் முதல் கேள்வியாக நான் வைப்பது இதைத்தான். ஸ்லீவில் மிஞ்சும் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் அதிகம். இரைப்பையும் உணவுக்குழாயும் சந்திக்கும் இடத்தின் இயல்பான கோணமும் மாறிப்போகலாம். அமிலம் மேலே ஏறுவதற்கு இது வசதி. சுவிஸ் ஆய்வில் ஏற்கெனவே எதுக்களிப்பு இருந்தவர்களில், ஸ்லீவுக்குப் பிறகு அது மோசமானது சுமார் 32 சதவீதத்தினருக்கு. பைபாஸில் 6 சதவீதம். முன்பு இல்லாமல் புதிதாக வந்தது ஸ்லீவில் சுமார் 32, பைபாஸில் சுமார் 11. பின்லாந்து ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022இல் வந்தபோது, எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் புண்பட்டிருந்தது ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7.

ஆகவே, ராத்திரி இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்க முடிகிறது, வாயில் புளிப்பு ஏறுகிறது என்பவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அறுவைக்கு முன் எண்டோஸ்கோபி செய்து பார்க்கும்படி கேட்பதும் நியாயமே. உதரவிதானத்தில் ஹெர்னியா இருக்கிறதா, இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். எதுக்களிப்பு கடுமையாக இருப்பவருக்கு, வேறு வலுவான தடை இல்லையென்றால், பைபாஸே மேல்.

சர்க்கரை நோயிலும் பைபாஸுக்கு லேசான முன்னிலை உண்டு. அமெரிக்காவின் ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) அளவை 6 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ கொண்டுவந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. இந்த எண்களையும் இரு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். மருந்தைவிட அறுவை பல மடங்கு மேல் என்பது ஒரு பக்கம். அறுவை செய்தும் பத்தில் ஏழு பேர் அந்த இலக்கைத் தொடவில்லை என்பது மறுபக்கம். பல வருஷம் சர்க்கரையோடு இருந்து இன்சுலினுக்கு வந்துவிட்டவர்களுக்கு அது முழுதாக அடங்கும் வாய்ப்பு குறைவு. மருந்தின் அளவு குறைந்தாலே லாபம்.

பைபாஸ் கேட்கும் விலை

இவ்வளவு சொன்ன பிறகு பைபாஸ்தான் நல்லது என்று தோன்றும். அது எல்லோருக்கும் ஒத்துவராது. மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை இல்லாமல் நாள் நகராதவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பையும் குடலும் இணையும் இடத்தில் அந்த மாத்திரைகள் புண் உண்டாக்கும். பைபாஸுக்குப் பிறகு அவற்றைத் தொடவே கூடாது என்பதுதான் பொதுவான அறிவுரை. புகைப்பவர்களுக்கும் அதே இடத்தில் அதே புண். விட முடியாது என்று தெரிந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுவது உயிருக்கு நல்லது.

இனிப்பு அதிகமாகச் சாப்பிட்டால் டம்பிங். சர்க்கரை சட்டென்று குடலில் இறங்கி, படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். ஸ்லீவிலும் வரலாம், பைபாஸில் அதிகம். சிலர் இதை நல்ல காவல்காரன் என்று வரவேற்கிறார்கள். நான் அதை நம்பி ஒரு அறுவையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டேன். மது பைபாஸுக்குப் பிறகு வேகமாக ஏறும். முன்பு ஒரு சுற்று தாங்கியவர் அரைச் சுற்றிலேயே தடுமாறலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து மதுப்பழக்கச் சிக்கல்கள் கூடுவதாக 2012இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. குடிப்பழக்கம் பற்றி மருத்துவக் குழு திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

சத்துக்குறைபாடு இரண்டிலும் உண்டு, பைபாஸில் கூடுதல். இரும்புச்சத்தும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலைத்தான் உணவு தாண்டிப்போகிறதே. மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், டி ஆகியவை உயிர் உள்ளவரை. ரத்தப் பரிசோதனை வருஷா வருஷம். இதில் அசிரத்தை காட்டுபவர்களுக்கு, அதாவது சளி மாத்திரையையே மூன்றாம் நாள் மறந்துவிடுகிறவர்களுக்கு, ஸ்லீவ் கொஞ்சம் மன்னிக்கும். பைபாஸ் மன்னிக்காது.

பேண்டும் பலூனும் இந்தப் பந்தயத்தில் ஏறக்குறைய இல்லை. இரைப்பையைச் சுற்றி மாட்டும் பேண்டைப் பின்னாளில் கழற்ற வேண்டிவந்தவர்கள் பலர். இரைப்பைக்குள் வைக்கும் பலூனை வழக்கமாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்த பின் எடை திரும்பிவருவது சகஜம்.

தயாராவது

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முன்தயாரிப்பு ஏறக்குறைய ஒன்றே. அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் பெரும்பாலும் 800 கலோரியை ஒட்டிய உணவு. பட்டினி போட்டு மனவுறுதியைச் சோதிக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. காரணம் கல்லீரல். கொழுப்பேறிய கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் கனமாகப் படிந்திருக்கும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அடியில் வேலை செய்ய வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் கல்லீரல் சுருங்கி இளகுகிறது. அறுவையாளருக்கு இடம் கிடைக்கிறது. நடுவில் ஒரு விருந்துக்குப் போய்வந்தால் கெடுவது உள்ளே கத்தி வைப்பவரின் பார்வை. இந்த நாட்களில் சர்க்கரை மருந்தின் அளவை மருத்துவர் சொல்லி மாற்ற வேண்டும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள் அதற்கான பரிசோதனையை முடித்து, தூக்கத்தில் மூச்சுப்பாதை மூடாமல் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவி தரப்பட்டால் அதை முன்பே பழகிக்கொள்ள வேண்டும். புகையை ஆறு வாரத்துக்கு முன்பாவது நிறுத்த வேண்டும். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருப்பவர்கள் அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் கருத்தடையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

சாப்பிடும் விதத்தையும் முன்பே பழகுவது நல்லது. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரத்தில் அரை டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். ஒரு மிடறு, பிறகு காத்திருப்பு, உள்ளே இறங்கியது தெரிந்த பின் அடுத்த மிடறு. அவசரப்பட்டு மடக்கென்று விழுங்கினால் மார்புக்கூட்டின் நடுவில் கல் வைத்தது போல் அடைக்கும், வாயில் எச்சில் ஊறும், பிறகு வாந்தி. வாந்தி நாட்கணக்கில் நிற்காவிட்டால் தயாமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பைத் தாக்கும். பொறுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. திரவத்திலிருந்து கூழுக்கும், கூழிலிருந்து மென்மையான உணவுக்கும், அதிலிருந்து வழக்கமான உணவுக்கும் வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். புரதம் நாளுக்கு 60 கிராமாவது.

மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொட்டத் தொடங்கும். பெரும்பாலும் திரும்ப வளரும். வேகமாக எடை குறைவதால் பித்தப்பையில் கல் வரலாம். அதைத் தடுக்க சில மாதம் மாத்திரை தருவது உண்டு. தொங்கும் தோல் உடற்பயிற்சியால் போகாது.

ஊசி வந்துவிட்டதே?

இப்போது எல்லோரும் கேட்பது இது. எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியில் 68 வாரத்தில் மொத்த எடையில் சராசரியாக 15 சதவீதம் குறைந்ததாக 2021இல் வந்த ஆய்வு காட்டியது. இன்னொரு ஊசியான டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரத்தில் 21 சதவீதம் என்று 2022இல் வந்தது. எஸ்ஓஎஸ் ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் பத்தாம் ஆண்டிலும் 25 சதவீதம் குறைந்த எடையில் இருந்தார்கள். ஊசி நெருங்கிவிட்டது என்பது உண்மை. நிறுத்தினால்தான் தொல்லை: செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. பி.எம்.ஐ. 30ஐ ஒட்டி இருப்பவருக்கு ஊசியை முதலில் பார்க்கலாம் என்பேன். 45ஐத் தாண்டியவருக்கு ஊசி மட்டும் போதும் என்று சொல்ல எனக்குத் தயக்கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் நடக்கிறது.

அறுவைத் தேதி குறித்த பிறகும் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வந்தவரின் வயிற்றிலும் உணவு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. முந்தைய நாள் வெறும் திரவ உணவு, இரைப்பையை ஸ்கேனில் ஒருமுறை பார்ப்பது, தேவைப்பட்டால் தேதியைத் தள்ளுவது என்று மயக்க மருத்துவரிடம் வழி இருக்கிறது.