உப்புக் காற்றில் டபிள்யூ.எம்.ஐ. ஸ்கிரிப்ட்: சில ஆண்டுப் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

மண்டபம் தொடங்கி கீழக்கரை, வாலிநோக்கம் வரை கடலை ஒட்டிய ஊர்களில் கணினி ஒரே நாளில் படுப்பதில்லை. முதலில் நெட்வொர்க் கேபிள் முனையில் பச்சை பூக்கும். ரேமின் தங்க விளிம்பு கறுக்கும். ஒரு யூ.எஸ்.பி. போர்ட் கண்ணை மூடும். இவை தொடர்பைக் கெடுக்கும்போது விண்டோஸுக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் கேட்டால்தான் சொல்லும். கேட்கிற வழி டபிள்யூ.எம்.ஐ. (விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்), கணினியின் உறுப்புகள் பற்றிய தகவலை விண்டோஸிடமிருந்து வாங்கும் வசதி. ஐஸ் கம்பெனி, மீன் ஏலக் கணக்கு, பள்ளி லேப் என்று ஐந்தாறு கணினி உள்ள இடங்களில் பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட்டால் அதைத் தோண்டிப் பார்ப்பதில் எது உதவுகிறது, எது ஏமாற்றுகிறது என்பதுதான் இங்கே.

பழைய பாடங்களைப் பார்த்து, டபிள்யூ.எம்.ஐ.யிடம் கேட்கும் பழைய கருவியான டபிள்யூமிக் கட்டளையில் ஆரம்பிக்க வேண்டாம். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது தானாக வருவதில்லை. பழைய ஸ்கிரிப்ட் மொழியான விபிஸ்கிரிப்ட்டையும் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. பவர்ஷெல் 3 முதல் இருக்கும் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளை போதும். அதில் தேதியும் ஒழுங்காக வருகிறது. பழைய கெட்-டபிள்யூ.எம்.ஐ.ஆப்ஜெக்ட் அதே தேதியை 20240612091530.500000+330 என்று நீட்டும். வாலில் உள்ள 330 நம் நேரம் கிரீன்விச்சைவிட எத்தனை நிமிடம் முன்னே என்பது.

டபிள்யூ.எம்.ஐ. தகவலை வகைவகையாக ‘கிளாஸ்’ என்ற தொகுப்புகளில் வைத்திருக்கிறது. எந்தக் கிளாஸில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், கெட்-சிம்கிளாஸ் கட்டளைக்குப் பின்னால் இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ‘மெமரி’, ‘டிஸ்க்’ என்று போட்டுத் தேடலாம். கிடைத்ததைக் கெட்-சிம்இன்ஸ்டன்ஸில் கேட்கும்போது பின்னால் ஃபார்மட்-லிஸ்ட், ஒரு நட்சத்திரம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பல கிளாஸ்கள் நாலைந்து புலத்தை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்ளும். வேண்டியதை மட்டும் வடிகட்டும் ஃபில்டருக்குள் எழுதுவது டபிள்யூ.கியூ.எல்., அது தரவுத்தளத்தைக் கேட்கும் எஸ்.கியூ.எல். மொழியின் தம்பி. அங்கே சமக்குறிதான் செல்லும். பவர்ஷெல் பழக்கத்தில் ‘-ஈக்யூ’ போட்டால் ‘இன்வேலிட் குவரி’ என்று திட்டு வரும்.

இந்தக் கடற்கரைக்கு அதிகம் பயன்பட்டது வின்32_நெட்வொர்க்அடாப்டர் என்ற கிளாஸ். நெட்கனெக்ஷன்ஸ்டேட்டஸ் 2 என்றால் இணைப்பு இருக்கிறது. பக்கத்தில் ஸ்பீடு என்ற புலத்தில் 1000000000 (விநாடிக்கு இத்தனை பிட், அதாவது ஒரு ஜிகாபிட்) இருக்க வேண்டும். ஒரு நாள் அதில் ஒரு பூஜ்யம் குறைந்து 100000000 ஆகிவிடும். நெட் வருகிறது, பில் போடுகிறது, யாரும் கவனிப்பதில்லை. காரணம் எளிது. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 எம்.பி.பி.எஸ்.-க்கு 1, 2, 3, 6 ஆகிய முனைகளில் உள்ள இரண்டு ஜோடி போதும். 4, 5, 7, 8-இல் ஒன்று அரித்தாலே வேகம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். மிச்சமுள்ள முனைகளுக்கும் அந்தக் கதி வர நாளாகாது. கேபிள் முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்து, போர்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். ஆனால் ஸ்விட்சே 100 எம்.பி.பி.எஸ். ரகமாக இருந்தால் எந்நாளும் அப்படித்தான் காட்டும், கேபிளைக் குறைசொல்லிப் பயனில்லை. இணைப்பே இல்லாத அடாப்டர் 9223372036854775807 என்று பயமுறுத்துவதையும் கண்டுகொள்ள வேண்டாம்.

அடுத்தது வின்32_பிசிக்கல்மெமரி. ஒரு ரேமுக்கு ஒரு வரி, 4 ஜி.பி. என்றால் 4294967296. இரண்டு வரி வந்த இடத்தில் ஒன்று வந்தால் ஒரு ஸ்லாட்டில் தொடர்பு விட்டுவிட்டது. கழற்றி அழிரப்பரால் தேய்ப்பது ஊர் வழக்கம். முலாம் மெல்லியது, ரப்பர் அதையும் சேர்த்துத் தேய்க்கும், இரண்டாம் முறை இன்னும் சீக்கிரம் அரிக்கும். இழை உதிராத துணியை ஆல்கஹாலில் நனைத்துத் துடைப்பதே சரி.

இணைத்த சாதனங்களைப் பட்டியலிடும் வின்32_பிஎன்பிஎன்டிட்டி கிளாஸில் கான்ஃபிக்மேனேஜர்எரர்கோடு 0 அல்லாதவற்றை மட்டும் கேட்க வேண்டும். 22 என்றால் யாரோ கையால் நிறுத்தியது, 28 என்றால் டிரைவர் இல்லை. 43 என்றால் சாதனமே கோளாறு என்று சொல்லி விண்டோஸ் நிறுத்தியது. பிரின்டருக்கு 43 வந்தால் அதை வேறு போர்ட்டில் செருகிப் பார்க்கவும். அங்கே வேலை செய்தால் கோளாறு போர்ட்டில், பிரின்டரில் இல்லை.

கணினி எப்போது அணைந்தது, கரண்ட் எத்தனை முறை போனது என்ற கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வின்32_ஆப்பரேட்டிங்சிஸ்டத்தில் உள்ள கடைசி பூட் நேரம், தினமும் ஷட்டவுன் செய்யும் கணினியிலும் ‘மூன்று வாரமாக ஓடுகிறது’ என்று காட்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (சீக்கிரம் எழும்பச் செய்யும் அமைப்பு) இருந்தால் ஷட்டவுனில் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னல் உறங்கத்தான் போகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் அந்த நேரம் புதிதாகும். கரண்ட் போய் அணைந்ததை அறிய, விண்டோஸின் நிகழ்வுப் பதிவான சிஸ்டம் லாகில் 41-ஆம் எண் நிகழ்வை (ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி எழுந்தது) கெட்-வின்ஈவென்ட் கொண்டு எண்ண வேண்டும். வின்32_என்டிலாக்ஈவென்ட் அதே வேலையை நத்தை வேகத்தில் செய்யும். 41-க்குள் பக்செக்கோடு (விண்டோஸ் முறிந்ததற்கான எண்) 0 என்றால் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும், அல்லது யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருப்பார்கள். வேறு எண் இருந்தால் நீலத்திரை. யூ.பி.எஸ். இருந்தும் 41 கூடிக்கொண்டே போனால் அதன் பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம்பக் கூடாதவையும் உண்டு. வெப்பநிலை தரும் எம்எஸ்ஏசிபிஐ_தெர்மல்ஜோன்டெம்பரேச்சர் ‘ரூட்\டபிள்யூ.எம்.ஐ.’ நேம்ஸ்பேஸில் (கிளாஸ்களின் தனி அறை) இருக்கிறது, நிர்வாகி உரிமை கேட்கும். 3102 என்று வந்தால் பத்தால் வகுத்து 273.15 கழிக்க, 37.05 டிகிரி. ஆனால் பல மதர்போர்டுகளில் ஆடி வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் அதே எண்தான் நிற்கும். வின்32_ஃபேன் பெயருக்கு ஒரு கிளாஸ். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது வின்32_பேட்டரி, மிச்ச நேரம் 71582788 நிமிடம் என்று சொல்லும். வின்32_புராடக்ட்டைத் தொடவே வேண்டாம். நிறுவிய மென்பொருள் பட்டியலைக் கேட்டால், எம்.எஸ்.ஐ. என்ற நிறுவல் கோப்பால் வந்த ஒவ்வொரு தொகுப்பையும் சரிபார்க்கக் கிளம்பி அப்ளிகேஷன் லாகை 1035 நிகழ்வுகளால் நிரப்பிவிடும். விண்டோஸின் அமைப்புக் கிடங்கான ரெஜிஸ்ட்ரியின் அன்இன்ஸ்டால் கீயைப் படிப்பது வேகம், ஆபத்தும் இல்லை.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றைக் கேட்பது, டொமைன் (எல்லாக் கணினிக்கும் ஒரே மைய நிர்வாகம்) இல்லாத சின்ன இடங்களில் பெரும் தலைவலி. 5985 என்ற நெட்வொர்க் போர்ட்டைத் திறக்க வேண்டும், நம்பும் கணினிகளை டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும், நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தால் அதுவும் ஒரு தடை. எல்லாம் திறந்த பிறகும் லோக்கல் நிர்வாகிக்கு ‘ஆக்சஸ் டினைட்’ வரும். ஐந்து கணினிக்கு இவ்வளவு கதவைத் திறப்பது தேவையில்லை. டாஸ்க் ஷெட்யூலரில் அந்தந்தக் கணினியிலேயே ஓடவிட்டு, ஒரு பகிர்வு ஃபோல்டரில் சி.எஸ்.வி. (அட்டவணைக் கோப்பு) போடச் செய்வதே நிம்மதி. பவர்ஷெல் 5.1-இல் யூ.டி.எஃப்.8 என்ற எழுத்துக் குறியீட்டைக் குறிப்பிட்டுச் சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

கணினி அணைந்தே கிடக்கும் நாட்களில்தான் உப்பின் வேலை அதிகம். ஓடும் பெட்டி சூட்டில் காய்ந்திருக்கும், அணைந்த பெட்டி ஈரத்தை இழுக்கும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனிக் கணினிகள் அப்படித்தான் தூங்குகின்றன. ஏப்ரல் 14 அன்று ஸ்கிரிப்ட்டை ஒருமுறை ஓட்டிக் கோப்பாக வைத்துவிட்டு, ஜூன் 15 காலை மறுபடி ஓட்டி, இரண்டையும் கம்பேர்-ஆப்ஜெக்ட் கட்டளையில் கொடுத்தால் மாறிய வரிகள் மட்டும் வரும்: காணாமல் போன ஒரு ரேம், 100-க்கு இறங்கிய இணைப்பு, புதிதாக முளைத்த ஒரு 43.