பட்டன் எரிந்தால் மோட்டார் ஓடுகிறது: நான்கு வருடம் பழகிய பேனல்

திருவான்மியூரில் எங்கள் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பின் மோட்டார் பேனலைப் பிரித்துப்போட்டு, லைட் எரியும் புஷ் பட்டன்களோடு புதிதாக அமைத்தது 2021 ஜூலையில். வரைந்தது நான். வயரிங் செய்தது எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி. பட்டன்கள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாங்கியவை. அன்றிலிருந்து தினமும் ஐந்தாறு தடவையாவது யாராவது அழுத்துகிறார்கள். இப்படி ஒரு பேனல் வைக்க நினைப்பவர்களுக்கு, கடையில் யாரும் எனக்குச் சொல்லாத சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்கு மூன்று மோட்டார். போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை சம்ப்புக்கு (தரைக்கு அடியில் உள்ள தொட்டிக்கு) எடுப்பது ஒன்று, சம்ப்பிலிருந்து மேல் டேங்குக்கு ஏற்றுவது ஒன்று, மழைக்காலத்தில் கார் நிறுத்துமிடத்தில் தேங்குவதைத் தெருவுக்குத் தள்ளுவது ஒன்று. பழைய பேனலில் ஆறு பட்டனும் ஒரே அளவு, மூன்று விளக்கும் ஒரே பச்சை. பெயர்களை மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தோம், வெயிலில் வெளுத்துப்போயின. ஒரு ஏப்ரல் இரவு, காலி சம்ப்பில் மேல் டேங்க் மோட்டார் வெகுநேரம் ஓடி, தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் கருகியது. வாட்ச்மேன் அண்ணன் போர் மோட்டார் என்று நினைத்து அதை அழுத்தியிருந்தார். "மூணும் பச்சையாத்தானே சார் எரியுது, இருட்டுல எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பேனல் அவரிடம் எதையுமே சொல்லவில்லை.

கடையில் முதலில் காட்டியது கறுப்புக் கண்ணாடி போன்ற மூடி உள்ள பட்டன். அணைந்திருந்தால் வெறும் கறுப்பு. எரிந்தால் மட்டும் எழுத்து தெரியும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு மோட்டாரைப் போடப் போகிறவருக்கு அதன் பெயர் தேவைப்படுவது அது அணைந்திருக்கும்போதுதான். அதனால் வெள்ளை மூடியில் கறுப்பு எழுத்து என்று முடிவு செய்தேன். விளக்கு எரிந்தாலும் படிக்கலாம், எரியாவிட்டாலும் படிக்கலாம். இந்த ஒரு முடிவுக்காக இன்றும் சந்தோஷப்படுகிறேன்.

நான் வாங்கியது 22.5 மில்லிமீட்டர் துளையில் உட்காரும் சதுரத் தலை பட்டன். உள்ளே எல்.இ.டி., அதன் மேல் வெளிச்சத்தைப் பரப்பும் பால் நிற டிஃப்யூசர், அதன் மேல் எழுத்து அச்சிட்ட பிலிம், கடைசியில் தெளிவான மூடி. மூடியை நகத்தால் நெம்பினால் பிலிம் கையோடு வந்துவிடும். எழுத்து மூடிக்கு அடியில் இருப்பதால் விரல் பட்டுத் தேயாது. மேலே ஒட்டும் ஸ்டிக்கரைவிட இது எவ்வளவோ மேல்.

பிலிமை வீட்டிலேயே ஓ.எச்.பி. ஷீட் எனும் தெளிவான பிளாஸ்டிக் தாளில் லேசர் பிரிண்டரில் எடுத்தேன். முதல் தடவை "நிறுத்து" என்பதைச் சிவப்பு மையில் அச்சிட்டேன். பகலில் நன்றாக இருந்தது. உள்ளே சிவப்பு எல்.இ.டி. எரிந்ததும் எழுத்தே காணோம். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மையும் வெள்ளைப் பின்னணியும் ஒன்றாகிவிடுகின்றன. அன்றிலிருந்து கறுப்பு மட்டும்தான். கறுப்பிலும் ஒரு சிக்கல்: லேசர் மையில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருக்கும், பின்னால் விளக்கு எரியும்போது எழுத்து புழு அரித்த மாதிரி தெரியும். ஒரே அச்சை இரண்டு ஷீட்டில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எழுத்து அடர்ந்துவிடுகிறது.

தமிழ் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். கறுப்புப் பின்னணியில் எழுத்து மட்டும் ஒளிரும்படி செய்தால், வெளிச்சம் கசிந்து சுழிகள் அடைந்துவிடும். மூன்றடி தள்ளி நின்றால் ண எது ன எது என்று தெரியாது. வெள்ளையில் கறுப்பாக வைத்தால் இதற்கு நேர்மாறு: வெளிச்சம் கோடுகளைத் தின்னும், மெல்லிய ஃபாண்ட் காணாமல் போகும். நடுத்தரத் தடிமனில், சுழி அகலமான ஃபாண்டாகத் தேடிப் பிடித்தேன். சொற்களையும் சுருக்க வேண்டியிருந்தது. "மேல்நிலை நீர்த்தொட்டி" என்று எழுதினால் அந்தச் சின்னச் சதுரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். "மேல் டேங்க்", "போர்", "மழைத் தண்ணி" என்று வீட்டில் எல்லோர் வாயிலும் வருவதையே வைத்தேன்.

அதிக நேரம் யோசித்தது வேறொன்றைப் பற்றி. "நிறுத்து" என்ற பட்டன் எரிகிறது என்றால் என்ன அர்த்தம்? மோட்டார் நின்றுவிட்டதா, அல்லது ஓடுகிறது, இதை அழுத்தி நிறுத்து என்கிறதா? பொருத்திய முதல் வாரத்தில் மூன்று பேர் மூன்று விதமாகப் புரிந்துகொண்டார்கள். வண்ணமும் கைகொடுக்கவில்லை. இரண்டாம் மாடியில் இருக்கும் ஐயா மின்வாரியத்தில் சப்ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே பிரேக்கர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) ஆன் என்றால் சிவப்பு விளக்கு, ஆஃப் என்றால் பச்சை. எங்கள் பேனலில் பச்சை எரிந்ததைப் பார்த்து மோட்டார் நிற்கிறது என்றே எடுத்துக்கொண்டார். அவருடைய பழக்கமும் சரிதான், கடையில் விற்கும் மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சையை அழுத்தி ஓட்டிப் பழகிய எங்கள் பழக்கமும் சரிதான். அதனால் வண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது.

கடைசியில் இப்படி மாற்றினேன். நிறுத்தும் பட்டனில் விளக்கே கிடையாது. சிவப்புத் தலை, பேனலைவிட்டு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும், கண்ணை மூடித் தடவினாலும் கைக்கு அகப்படும். ஓட்டும் பட்டன் பேனலோடு மட்டமாக இருக்கும், தெரியாமல் தோள் பட்டாலும் அமுங்காது. அதன் மேல் மோட்டாரின் பெயர் மட்டும் இருக்கும். ஓடினால் வெள்ளையாக எரியும், நின்றால் அணையும். பேனலின் தலையில் ஒரே ஒரு வரி: "எரிஞ்சா ஓடுது". அதற்குப் பிறகு யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை.

விளக்குக்கான இணைப்பை பட்டனிலிருந்து எடுக்கக் கூடாது. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டரில், அதோடு சேர்ந்தே நகரும் துணைக் கான்டாக்டிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து, அதைத் தடுக்கும் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகிக் கான்டாக்டர் விட்டுவிட்டால் விளக்கும் உடனே அணையும். அந்த ரிலேயின் 97, 98 முனைகளில் ஒரு மஞ்சள் விளக்கையும் கொடுத்திருக்கிறேன்: "பழுது, தொடாதே". நான்கு வருடத்தில் இரண்டு தடவை எரிந்தது, இரண்டு தடவையும் ரிலே மோட்டாரைக் காப்பாற்றியது.

முதல் ஆறு மாதம் விளக்குகள் 230 வோல்ட் வகை. மொட்டை மாடியில் இன்னொரு பட்டன் பெட்டி உண்டு. கேபிள் சுமார் 40 மீட்டர். ஒரு ராத்திரி வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார்: "சார், மேல் டேங்க் நிறுத்திட்டேன், ஆனா மாடிப் பொட்டியில லேசா மினுங்குதே, ஓடுதா நிக்குதா?" மோட்டார் நின்றுதான் இருந்தது. ஒரே கேபிளுக்குள் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் இருந்தால் இந்தக் கம்பியிலும் கொஞ்சம் தொற்றிக்கொள்ளும். பழைய இழை பல்புக்கு அது போதாது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். கட்டுப்பாட்டுப் பக்கம் முழுவதையும் 24 வோல்ட் டி.சி.க்கு மாற்றியதும் மினுங்கல் நின்றது. மழையில் நனையும் மாடிப் பெட்டிக்குக் குறைந்த வோல்டேஜ் பாதுகாப்பும்கூட. முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

வெளிச்சத்தின் அளவு இரவில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. இரவில் வெள்ளை எல்.இ.டி. கண்ணைக் குத்தியது, எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் கட்டியது. தொடரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். கரண்ட் நான்கரை மில்லி ஆம்பியர் அளவுக்கு வந்தது, அதுவே தாராளம். மாலை நாலு மணிக்கு மேற்கு வெயில் நேராகப் பேனலில் விழும்போது மட்டும் எரிவது தெரியவில்லை. அதற்காக வெளிச்சத்தை ஏற்றாமல், மேலே ஆறு அங்குலத் தகரக் கூரை ஒன்று அடித்தோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கார் நிறுத்துமிடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பேனல் ஐந்தடி உயரத்தில் இருந்ததால் தப்பித்தது. கரண்ட் வந்த பிறகு மூடிகளுக்குள் வியர்த்திருந்தது. பிலிமில் இருந்த எழுத்துகள் அப்படியே இருந்தன. அவசரத்துக்கு ஒரு பட்டனில் மட்டும் சாதாரணக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அது ஊறிக் கூழாகிவிட்டது. பட்டனின் முகம் ஐ.பி. 65, அதாவது தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம் என்றாலும் அது முன்பக்கத்துக்கு மட்டும்தான். பெட்டியின் அடியில் கேபிள் நுழையும் ஓட்டை திறந்திருந்தால் ஈரமும் எறும்பும் அந்த வழியாக வரும். இப்போது கேபிளைச் சுற்றி ஓட்டையை அடைக்கும் கிளாண்ட் போட்டு இறுக்கியிருக்கிறோம்.

இன்னும் ஒன்று பாக்கி. கான்டாக்டர் இழுத்திருக்கிறது என்பதைத்தான் விளக்கு சொல்கிறது. தண்ணீர் ஏறுகிறதா என்று அதற்குத் தெரியாது. சம்ப்பில் போட, தண்ணீர் மட்டத்தோடு மிதந்து இயங்கும் ஃப்ளோட் சுவிட்ச் வாங்கி வைத்தாயிற்று. தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் மோட்டாரை நிறுத்தி, மேல் டேங்க் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அதன் பிலிமில் என்ன எழுதலாம் என்று வாட்ச்மேன் அண்ணனின் மனைவியைக் கேட்டேன். "சம்ப்பு காலின்னு போடுங்க சார், அது போதும்" என்றார். அதையே அச்சிட்டு வைத்திருக்கிறேன்.