கோலங்கள் முடிஞ்சுது, இனி எது? தருமபுரத்து விறாந்தையில் ஐந்து தொடர்கள்

கோலங்கள் தொடர் முடிந்து நான்காம் நாளும், கிளிநொச்சித் தருமபுரத்தில் எங்கள் விறாந்தையில், அம்மா ஏழரைக்கு வந்து கதிரையில் இருந்தார். ரீவி நிற்பாட்டிக் கிடந்தது. மடியில் வெற்றிலைத் தட்டம். "இனி என்னத்தைப் போடப்போறாய்?" என்று கேட்டார். கோலங்களின் நாயகி அபியின் கதையை முடித்துவைத்ததே நான்தான் என்பது போல இருந்தது அந்தக் கேள்வி.

அம்மாவுக்கும் கோலங்களுக்கும் இருபது வருசக் கணக்கு இருக்கிறது. 2003 நவம்பரில் அது சன் ரீவியில் தொடங்கியபோது எங்களுக்குச் சமாதான காலம். ஆனால் மின்சாரக் கம்பி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலமும் அதுதான். எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு வீட்டில் டிஷ்ஷும் ஜெனரேற்றரும் இருந்தன. பெற்றோலில் இழுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் விலை ஏறின கிழமைகளில் அந்த வீட்டுக்காரர் அபியாக நடித்த தேவயானியைக் காட்டமாட்டார். பிறகு 2008 கடைசியில் சண்டை நெருங்க ஊரே எழும்பி நடந்தது. 2009 டிசம்பரில் கடைசி எபிசோட் போனபோது அம்மா செட்டிகுளத்தில், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தார். அபிக்கு என்ன நடந்தது என்று அன்றைக்கு யார் கேட்பது?

அந்தக் கடனைத்தான் யூடியூப்பில் முதலில் இருந்து அடைத்தோம். 1,500-க்கும் மேற்பட்ட எபிசோட். இரவுக்கு இரண்டு என்று வைத்து இரண்டு வருசத்துக்கு மேல் போனது. பக்கத்து வளவுச் சின்னம்மாவும் ஒருநாள் தவறாமல் வருவார். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் என் மகள், தான் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தோடு வந்து நிலத்தில் இருப்பாள்.

ஆக, அடுத்தது எது? தேடத் தொடங்கினால் ஆளுக்கொரு பட்டியல் தந்தார்கள். பிரான்சில் இருக்கும் தம்பி அமேசன் பிரைமுக்குக் காசு கட்டிவிட்டு, "வெப் சீரிஸ் பாருங்கோ அக்கா, சீரியல் எல்லாம் எந்தக் காலத்து விசயம்" என்றான். மகள் கொரியத் தொடர் என்றாள். அம்மாவுக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை, அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று. எங்கள் பேச்சில், எங்கள் ஊர் ஆக்களோடு, ஒரு வருசம் ஓடுகிற மாதிரி ஒன்று அகப்படாதா என்றும் தேடினேன். என் கைக்கு அகப்படவில்லை. அது எனக்கு இப்பவும் மனக்குறைதான்.

"அபி இல்லாமல் இருக்கிறது கவலையா அம்மா?" என்று கேட்டேன். "அவள் எங்கையாவது நல்லா இருப்பாள். விடியக் கிணத்தடியில சின்னம்மாவோட கதைக்க ஒண்டுமில்லை, அதுதான்" என்றார். எனக்கு அளவுகோல் அங்கேதான் கிடைத்தது. நடிப்பு, ஒளிப்பதிவு, விறுவிறுப்பு எல்லாம் இரண்டாம் பட்சம். இரவு பார்த்தது விடியக் கிணற்றடிக்கு வருமா? ஐந்து தொடர்களையும் இந்த ஒரு தராசில்தான் போட்டேன்.

முதலில் எல்லோரும் கைகாட்டியது எதிர்நீச்சலை. நியாயமும் இருக்கிறது. கோலங்களை எடுத்த அதே திருச்செல்வம்தான் இதையும் எடுத்தவர். 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்து, அதே வருச டிசம்பரில் இரண்டாம் பாகமும் தொடங்கியது. பத்து எபிசோட் போட்டுப் பார்த்தோம். முதல் இரவே அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்: "உது எங்கட அபியின்ரை தாயெல்லோ!" உண்மைதான். கோலங்களில் அபிக்குத் தாயாக வந்த சத்யப்ரியாதான் இதில் ஆதி குணசேகரனுக்குத் தாய். அங்கே மகளுக்காக அழுதவர், இங்கே மகன்மாருக்காக மருமக்களை அதட்டுகிறார். அதுவே இரண்டு நாள் கிணற்றடிக்குப் போதுமாக இருந்தது. வில்லன் பெயரும் அப்படித்தான். அங்கே ஆதி, இங்கே ஆதி குணசேகரன். அந்தப் பெயரில் திருச்செல்வத்துக்கு என்ன கோபமோ.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பெரிய வித்தியாசம் தெரிகிறது. அபி வீட்டுக்கு வெளியே நின்று சண்டை பிடித்தவள். கட்டடம் கட்டினாள், கம்பனி நடத்தினாள், விழுந்தாள், எழும்பினாள். எதிர்நீச்சலில் ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி என்று நான்கு படித்த மருமக்கள், வாசற்படியைத் தாண்டுவதற்கே சண்டை பிடிக்கிறார்கள். இருபது வருசத்தில் கதை முன்னுக்குப் போகாமல் குசினிக்குள் திரும்பி வந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சல். மகள் என்னோடு ஒத்துக்கொள்ளவில்லை. "அபி மாதிரி ஆக்கள் கொஞ்சப் பேர்தான் அம்மா. இவை மாதிரித்தான் கனபேர்" என்றாள். அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. நகைச்சுவையும் இதில் அதிகம், நந்தினி வாய் திறந்தால் சின்னம்மாவுக்குச் சிரிப்பு அடங்காது.

எதிர்நீச்சலில் வேறொரு சிக்கல். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8-ஆம் திகதி காலமானார். அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் நல்ல நடிகர், ஆனால் அந்தத் தொடரை மாரிமுத்துவின் குரல்தான் தூக்கி நிறுத்தியது. பாதி வழியில் அது போய்விடும் என்று தெரிந்துகொண்டு எழுநூறுக்கு மேற்பட்ட எபிசோட்டைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் பாகத்தில் ஜனனியும் வேறு ஆள். ஒரு நீண்ட தொடரை முடித்த கையோடு அதே இயக்குநரின் இன்னொரு நீண்ட தொடருக்குள் இறங்குவது, வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடியும் சோறு போடச் சொல்வது மாதிரி.

தம்பி சொன்ன வெப் சீரிஸ்களுக்கு வருவோம். விலங்கு, ஸீ5 என்ற இணையத் தளத்தில் 2022-இல் வந்தது, ஏழே எபிசோட். விமல் சப் இன்ஸ்பெக்டர். ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் நடக்கும் வேலையை, அதன் சலிப்போடும் பயத்தோடும், இவ்வளவு கிட்ட நின்று காட்டிய தமிழ்த் தொடர் வேறு நான் பார்க்கவில்லை. இரவு பன்னிரண்டுக்கு நானும் மகளும் போர்வைக்குள் இருந்து ஒரே மூச்சில் மூன்று எபிசோட் பார்த்தோம். ஆனால் அடி, இரத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. விறாந்தைக்கு ஆகாது. அதோடு ஏழையும் இரண்டு இரவில் விழுங்கிவிட்டு மூன்றாம் நாள் மறுபடியும் வெறுங்கையோடு நிற்போம்.

சுழல் பற்றி எழுதத்தான் வேண்டும், எழுத விருப்பமில்லாவிட்டாலும். புஷ்கர், காயத்ரி எழுதியது. முதற் பாகம் 2022 ஜூனில் பிரைமில் வந்தது, எட்டு எபிசோட். மலையடிவாரச் சிறு பட்டினம், சிமெந்துத் தொழிற்சாலையில் தீ, அதே இரவு தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் காணாமல் போகிறாள். பின்னால் மயானக் கொள்ளைத் திருவிழா, முகத்தில் வண்ணம் பூசிய கூட்டம். கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ், பார்த்திபன், ஸ்ரேயா ரெட்டி என்று எல்லோரும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். படமெடுத்த விதத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இந்த ஐந்தில் இதுதான் முதலாவது.

நாங்கள் யோசிக்காமல் போட்டுவிட்டோம். பிள்ளையைத் தேடுகிற இடம் வந்தபோது அம்மா ரீவியைப் பார்க்கவில்லை, சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மாவின் கை சீலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரி 20-ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினபோது, படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து இருந்தவர்களில் அவரும் ஒருவர். "பிள்ளை, உதை நிப்பாட்டு. ஆட்டைக் கட்டவேணும்" என்றார் அம்மா. ஆடு பொழுதுபடவே கட்டியாயிற்று. சின்னம்மா ஒன்றும் சொல்லாமல் எழும்பி அம்மாவோடு பட்டிப் பக்கம் போனார்.

துப்பறியும் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன: ஒரு பிள்ளையைக் காணவில்லை. தம்பியின் பட்டியலில் இருந்த மற்றவைகளையும் அன்றைக்கே ஓரம் வைத்தேன். உங்கள் வீட்டில் அந்தச் சங்கடம் இல்லையென்றால் சுழலைத் தாராளமாகப் பாருங்கள்.

அயலி வேறு மாதிரி. இதுவும் ஸீ5 தான், 2023 ஜனவரியில் வந்தது, எட்டு எபிசோட், ஒவ்வொன்றும் சீரியல் அளவுக்குச் சற்றுக் கூட. முத்துக்குமார் இயக்கியது. 1990-இல் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்றொரு கிராமம். பெண் பிள்ளை பெரியபிள்ளையானால் படிப்பை நிற்பாட்டிக் கலியாணம் கட்டிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அயலித் தெய்வம் தண்டிக்கும் என்பது ஊர்க்கட்டு. டொக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் பெரியபிள்ளையானதை ஊருக்கு ஒளிக்கிறாள். அபி நட்சத்திரா அந்தப் பிள்ளை, அனுமோள் தாய்.

இதை நான் வேண்டுமென்றே ஒரு இரவுக்கு ஒன்று என்று போட்டேன். அடுத்ததைப் போடச் சொல்லி மகள் கெஞ்சினாள், விடவில்லை. காரணம் ஒன்றும் பெரிதில்லை. எங்கள் பைக்கேஜில் பகல் டேட்டா கொஞ்சம், இரவு பன்னிரண்டுக்குப் பிறகு தாராளம். படுக்கப்போகும் முன் போனை விறாந்தைத் தூணில், சிக்னல் வருகிற அந்த ஒரேயொரு ஆணியில் தொங்கவிட்டு, பன்னிரண்டுக்கு எழும்பி எபிசோட்டை டவுன்லோட் பண்ணி இறக்கி வைப்பேன். நித்திரை முறிந்து எழும்புகிற எனக்குத்தான் எத்தனை எபிசோட் என்று தீர்மானிக்கிற அதிகாரம். அந்தக் கஞ்சத்தனம்தான் அயலியைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தது. ஒரே இரவில் பார்த்திருந்தால் அது நல்ல படம் என்பதோடு போயிருக்கும். எட்டு நாளாகப் பார்த்ததால் எட்டு விடியல் சண்டை.

அம்மாவுக்கு முதலில் கோபம், தெய்வத்தை இழுக்கிறார்கள் என்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வருசம் தவறாமல் போகிறவர். நான்காம் நாள் அவரே மாறினார். "அம்மாளாச்சி அப்பிடி ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டா. உவங்கள்தான் அவவின்ரை வாயில வைக்கிறாங்கள்." சின்னம்மா தன் தமக்கையைப் பள்ளிக்கூடத்தால் மறித்த கதையைச் சொன்னார், இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொல்லாத கதை. மகள்தான் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். "தமிழ்ச்செல்வி ஒளிச்சுப்போட்டாள். எங்கட ஊரில ஏலுமே? அடுத்த நாளே மண்டபம் புக் பண்ணி, காட் அடிச்சு, வீடியோக்காரனுக்கும் சொல்லிப்போடுவியள்." அவளுடைய சாமத்திய வீட்டு அல்பம் ரீவி மேசைக்குக் கீழேதான் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

குறையும் இருக்கிறது. சில இடங்களில் பாத்திரம் பேசுவது போய்ப் பிரசங்கம் வந்துவிடுகிறது. கெட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கெட்டவர்கள். அது என் வாசிப்பு, விறாந்தையில் வேறு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. எட்டே நாளில் முடிந்துபோகிறதே என்பதுதான் அவர்களின் குறை.

ஐந்தாவது மெட்டி ஒலி. 2002 முதல் 2005 வரை ஓடியது, 811 எபிசோட். இரவுக்கு இரண்டு போட்டால் ஒரு வருசத்துக்கு மேல் தாங்கும். திருமுருகன் இயக்கி, கோபியாகவும் நடித்தார். மனைவியை இழந்த சிதம்பரம், ஐந்து பெண் பிள்ளைகள், அவர்களைக் கரைசேர்ப்பது. டெல்லி குமார் அந்தத் தகப்பனாகவே இருந்தார். படம் பழைய சதுர அளவு, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. அகலமான புது ரீவி வாங்கினவர்களுக்கு அது கண்ணைக் குத்தும்.

கோலங்களோடு ஒப்பிட்டால் இதில் எல்லாமே சிறிய அளவு. அங்கே கம்பனியைப் பறிக்கும் சதி, இங்கே மாமியாரின் ஒரு வார்த்தை. அங்கே கோடிக் கணக்கு, இங்கே சீர்வரிசைக் கணக்கு. ஆனால் கிணற்றடித் தராசில் சிறியதுதான் பாரம் கூட. ஆதியின் சதியைப் பற்றி நாங்கள் "சே" என்று மட்டும்தான் சொல்லலாம். சிதம்பரத்தின் கலியாணச் செலவைப் பற்றி மூன்று பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த சின்னம்மா ஒரு மணித்தியாலம் கதைப்பார். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி எங்களிடம் சீதனக் காணி பெண்ணின் பெயரில் நிற்கும். "அந்த மனுசன் மூத்தவளுக்கு அரை ஏக்கர் மேட்டுக்காணி எழுதி விட்டிருந்தா, மாமிக்காரி உப்பிடிக் கதைச்சிருப்பாளோ?" என்று சின்னம்மா கேட்டார். சென்னையில் மேட்டுக்காணிக்கு எங்கே போவது என்று மகள் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை.

ஆக, என் தீர்ப்பு இப்படி வந்தது. கோலங்கள் முடிந்த வீட்டில் முதலில் அயலி, இரவுக்கு ஒன்று. நாக்கு மாறட்டும். பிறகு மெட்டி ஒலி. எதிர்நீச்சல் அதற்கும் பிறகு, அதுவும் மகளின் பரீட்சை முடிந்தபின். விலங்கு எனக்கும் மகளுக்கும் மட்டும். அம்மா எதிர்நீச்சலைத்தான் இரண்டாவதாக வைத்தார், சத்யப்ரியாவுக்காக. இரவு எழும்பி இறக்குவது நான் என்பதால் என் வரிசைதான் நின்றது.

இப்போது மெட்டி ஒலியில் அறுபதைத் தாண்டிவிட்டோம். நேற்று விடிய வாளியை அரைவாசியில் பிடித்துக்கொண்டு சின்னம்மா கணக்குப் பார்த்தார்: மூத்தவளுக்கு அரை ஏக்கர் போனால் மற்ற நாலு பேருக்கும் என்ன மிஞ்சும்? அம்மா இன்றைக்கு மூன்று எபிசோட் இறக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கு மேல் இல்லையென்று சொல்லிவிட்டேன்.