மின்ட், உபுண்டு, டெபியன்: போட்ட பிறகு பார்த்துக்கொள்ளப்போவது யார்?

வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. வின்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் சிப் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எங்கள் வெள்ளவத்தை வீட்டு லெப்டொப் 6ஆம் தலைமுறை. கொட்டாஞ்சேனையில் சித்தப்பா நடத்தும் கொமியூனிகேஷன் கடையில் இருப்பவை அதைவிடப் பழையவை. ஆனால் எதிலும் ஒரு பழுதும் இல்லை. எஸ்எஸ்டி போட்டபின் வேகமும் போதும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியதற்குப் பிறகு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புது லெப்டொப்புக்கு விலை கேட்டவர்களுக்கு, நன்றாக ஓடும் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கு என்பது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியும்.

ஆகவே வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ். அதில் குழப்பம் இல்லை. மின்ட், உபுண்டு, டெபியன் என்று அதில் பல வகை உண்டு; எந்த லினக்ஸ் என்பதில்தான் எனக்கும் மச்சானுக்கும் நீண்ட வாக்குவாதம். அவர் மின்ட் ஆள். நானும் மின்ட்டில் சில வருடங்கள் இருந்தவன்தான்; வேலையிடத்தில் உபுண்டு பாவிக்கிறேன். கடைசியில் வீட்டுக்கும் கடைக்கும் டெபியன்தான் போட்டேன். அதற்கான காரணத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். எனவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றிலும் பொதுவாக இருப்பவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் இலவசம். லிப்ரெஒஃபிஸ், பயர்பொக்ஸ், விஎல்சி எல்லாம் மூன்றிலும் கிடைக்கும். பிரிண்டர் மூன்றிலும் ஒரே கப்ஸ் முறையில்தான் ஓடுகிறது. தமிழிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுப் பொதிகளை (பொதி என்றால் நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு) போட்டால் தமிழ்99உம் வரும், இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் வரும். கடைக்கு வருகிற பழைய ஆவணங்களில் பாதி பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருக் கோப்பை உரிய அடைவில் வைத்துவிட்டால் லிப்ரெஒஃபிஸ் திறந்து காட்டுகிறது. சிங்களத்தில் பழைய எழுத்துருக்களில் வருபவையும் அப்படியே. போட்டோஷொப்பும் கோரல்ட்ரோவும் இல்லாமல் தொழில் நடக்காது என்பவருக்கு இந்த மூன்றில் எதுவும் சரிவராது. அவர் மேற்கொண்டு வாசிக்கத் தேவையில்லை.

ஃபெடோரா, ஆர்ச் என்ற வேறு இரண்டு லினக்ஸ்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது, புதியது வரவர ஏறிக்கொண்டே போகும். தன் கணினியைத் தானே தினமும் கவனிக்கிறவருக்கு இரண்டும் அருமையானவை. ஃபெடோராவை நான் நீண்ட காலம் பாவித்ததில்லை, அதனால் இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

சரி, தெரிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருவோம்: பராமரிப்பு. லினக்ஸை நிறுவுவது ஒரு பின்னேர வேலை. அதற்குப் பிறகு ஐந்து வருடம் அதை யார் பார்த்துக்கொள்வது? வீட்டிலும் கடையிலும் அந்த ஆள் நான்தான். சித்தப்பாவுக்கு லினக்ஸும் ஒன்றுதான், வின்டோஸும் ஒன்றுதான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, நேற்று வைத்தது வைத்த இடத்தில் இன்றைக்கும் இருக்குமோ?” அடையாள அட்டைப் பிரதி எடுக்க ஐந்து பேர் வரிசையில் நிற்கும்போது கணினியில் ஒன்றும் மாறியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய தேவை. ஒரு லினக்ஸை அளக்க இதைவிட நல்ல கேள்வியை நான் எந்தக் கட்டுரையிலும் பார்க்கவில்லை.

இந்தக் கேள்வியை உபுண்டுவிடம் கேட்டால் பதில் பாதி ஆம், பாதி இல்லை. உபுண்டுவின் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும், ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் தரும். தனிப்பட்ட பாவனைக்கு ஐந்து கணினிகள்வரை உபுண்டு ப்ரோ இலவசம். அதில் பதிந்தால் பத்து வருடம்வரை நீளும். காகிதத்தில் இதை டெபியன் நெருங்க முடியாது. ஆனால் 22.04 பதிப்பு முதல் உபுண்டுவில் பயர்பொக்ஸ், ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில்தான் வருகிறது. ஸ்னாப் தன்பாட்டில் ஒரு நாளைக்கு நான்கு தடவை புதிது இருக்கிறதா என்று பார்க்கும். பயர்பொக்ஸ் திறந்திருக்கும்போது புதிது வந்தால், அப்டேட் காத்திருக்கிறது, செயலியை மூடுங்கள், இன்னும் 13 நாள் இருக்கிறது என்று மூலையில் ஓர் அறிவிப்பு எழும். இதை நிறுத்திவைக்கவும் வழி உண்டு, பிற்காலத்தில்தான் அந்த வசதி வந்தது. ஆனால் நிறுத்திவைக்க ஒரு கட்டளை தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கணக்கில் பராமரிப்புச் செலவு. அதோடு ஸ்னாப் பொதிகளை வழங்கும் சேவையகத்தின் மென்பொருள் கட்டற்றது (யாரும் உள்ளே பார்த்து, மாற்றி, பகிரக்கூடியது) அல்ல. அதை உபுண்டுவை வெளியிடும் கெனோனிக்கல் நிறுவனம் மட்டுமே நடத்துகிறது.

உபுண்டுவின் நன்மையையும் மறக்கக் கூடாது. 2004இல் மார்க் ஷட்டில்வேர்த் தொடங்கிய அந்தத் திட்டம் 2011வரை உலகெங்கும் கேட்டவர்களுக்குத் தபாலில் இலவச சிடி அனுப்பியது. ஒரு சிடி அளவைத் தரவிறக்க விடிய விடியக் காத்திருந்த காலத்தில் அது சின்ன உதவி இல்லை. என் வயதில் இருக்கும் பலரும் லினக்ஸை முதலில் கண்டது உபுண்டுவாகத்தான்.

மின்ட்டைப் பற்றி நல்லதுதான் சொல்ல இருக்கிறது. வின்டோஸிலிருந்து வருகிறவருக்கு சினமன் இடைமுகத்தில் கைகள் உடனே பழகிவிடும். டைம்ஷிஃப்ட் என்ற கருவி கணினியின் அன்றைய நிலையை எடுத்து வைத்துக்கொள்ளும், ஏதாவது குழம்பினால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். 2020இல் வந்த மின்ட் 20 முதல் ஸ்னாப்பை அடைத்துவைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றால் நீங்களே திறந்துகொள்ளலாம். மின்ட் 22க்கு 2029வரை ஆதரவு. சித்தப்பாவின் கேள்விக்கு மின்ட் தாராளமாக ஆம் என்று சொல்லும்.

அப்படியானால் ஏன் மின்ட் இல்லை? மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. உபுண்டு டெபியனின் மேல் கட்டப்பட்டது. உபுண்டுவில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவுக்கும் மின்ட் குழு ஒரு மறுமுடிவு எடுக்க வேண்டியிருக்கிறது; ஸ்னாப் விஷயம் அதற்கு உதாரணம். இது அவர்களுக்கே தெரியும். உபுண்டு இல்லாமற்போனாலும் மின்ட் நிற்க வேண்டும் என்பதற்காகவே நேரடியாக டெபியன் மேல் கட்டிய எல்எம்டிஈ என்ற இன்னொரு பதிப்பையும் வைத்திருக்கிறார்கள். கடைசியில் போய் நிற்பது டெபியன் என்றால் அங்கேயே தொடங்கலாமே என்பது என் எண்ணம்.

டெபியனில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அளவில் புதிய பதிப்பு வரும். குறித்த திகதி கிடையாது, தயாரானதும் வரும். 12ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது, 13ஆம் பதிப்பு 2025 ஓகஸ்ட்டில். மூன்று வருடம் முழு ஆதரவு, அதன்பின் இரண்டு வருடம் நீண்டகால ஆதரவு. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்புத் திருத்தமும் வழுத்திருத்தமும்தான் வரும். செயலிகளின் முகம் மாறாது. பயர்பொக்ஸ் போன்ற சில மட்டும் விலக்கு, பயர்பொக்ஸின் நீண்டகாலப் பதிப்பு அவ்வப்போது மேலேறும். மற்றபடி இன்றைக்குப் பார்த்த பட்டியும் பொத்தானும் அடுத்த வருடமும் அதே இடம்.

கடைக் கணினிகளை 12இலிருந்து 13க்கு ஏற்றியதைச் சொன்னால் பராமரிப்பு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது விளங்கும். முதல் நாளே வெளியீட்டுக் குறிப்பை வாசித்து, கடையின் கோப்புகளை ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுத்தேன். பொதிகள் எங்கிருந்து இறங்க வேண்டும் என்று சொல்லும் மூலப்பட்டியல் கோப்பில் பழைய பதிப்பின் பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதினேன். ஆப்ட் என்ற நிறுவும் கட்டளையில் பொதிகளை இறக்கி மட்டும் வை, நிறுவாதே என்று சொல்ல முடியும். பெக்கேஜில் பகல் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நமக்கு அது பெரிய வரம். இரவு டேட்டா நேரத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. அடுத்த நாள் போயா விடுமுறை, கடை பூட்டு. காலையில் உட்கார்ந்து நிறுவச் சொன்னேன். பழைய அமைப்புக் கோப்பை வைத்திருக்கவா, புதியதைப் போடவா என்று இடையிடையே கேட்டது. மீண்டும் தொடக்கியபோது பிரிண்டரும் ஸ்கேனரும் பாமினியும் இருந்தபடி இருந்தன.

கரண்ட் பிரச்சினையும் இதில் சேரும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதிகூட நாடு முழுக்க மின்சாரம் போனது. கடையில் இருப்பவை மேசைக் கணினிகள், யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது இங்கே வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. மூன்று லினக்ஸிலும் பொதிகளை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி ஒன்றுதான். பாதியில் நின்றதைத் தொடரச் சொல்ல அதில் ஒரு கட்டளை உண்டு, பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். வித்தியாசம் எங்கே என்றால், டெபியனில் அப்டேட்டே குறைவு; எப்போது போடுவது என்று நான்தான் முடிவெடுக்கிறேன். குறைவாகத் தொட்டால் குறைவாகப் பழுதாகும்.

இனி கொள்கை. கட்டற்ற மென்பொருளின் இலட்சியத்தைப் பேசினால், அது படித்தவர்களின் வாதம், கடைக்காரனுக்கு எதற்கு என்று மச்சான் கேட்பார். எனக்கு அது இதே பராமரிப்புக் கேள்விதான். என் கணினி நாளைக்கு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறவர் யார்?

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தபோது கேட்டதும் அந்த அதிகாரத்தைத்தான்: எதற்கும் பாவிக்க, உள்ளே பார்த்து மாற்ற, பிரதி கொடுக்க, மாற்றியதைப் பகிர. லினக்ஸின் மையமான கருவும் 1992 முதல் இந்த உரிமைகளைத் தரும் ஜிபிஎல் உரிமத்தில்தான் இருக்கிறது. உரிமம் மூன்றுக்கும் பொதுவாக இருந்தாலும் வீடு நடத்துகிறவர்கள் வேறு வேறு. டெபியன் 1993இல் இயன் மர்டொக் தொடங்கியது. அதற்கு முதலாளி கிடையாது. தன்னார்வலர்கள் வருடாவருடம் தலைவரைத் தேர்கிறார்கள். 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது: பாவனையாளரும் கட்டற்ற மென்பொருளுமே முதல், வழுக்களை மறைக்கமாட்டோம் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டுமானால் வாக்கெடுப்பு.

ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தால் என்ன நடக்கலாம் என்பதற்கு சென்ட்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் சாட்சி. 2029வரை வரும் என்று நம்பி உலகெங்கும் சேவையகங்களில் போட்டிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 முடிவோடு நிற்கும் என்று 2020 டிசம்பரில் அதன் பின்னால் இருந்த ரெட் ஹெட் நிறுவனம் அறிவித்தது. உரிமம் கட்டற்றதாக இருந்ததால்தான் அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் என்று மாற்றுகளை மற்றவர்கள் எழுப்ப முடிந்தது. உபுண்டுவிலும் 2012இல் 12.10 பதிப்பு வந்தபோது, நம் கணினிக்குள் ஒரு கோப்பைத் தேட எழுதும் சொல் கெனோனிக்கலின் சேவையகத்துக்குப் போய், பதிலோடு அமேசன் பொருட்களும் வந்தன. ஸ்டோல்மன் அதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். 16.04இல் அது இயல்பாக இயங்காதபடி நிறுத்தப்பட்டது. திருத்தினார்கள், அது நல்லது. அப்படி ஒன்றைச் செய்யும் தூண்டுதல் டெபியனில் எழ இடமில்லை, விற்க அங்கே ஒன்றும் இல்லை.

இந்த இலட்சியம் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்த நாட்களில் காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா மென்பொருள் கட்டற்றது. அதனால்தான் பாகிஸ்தானின் 2005 நிலநடுக்கத்திலும் ஹெய்ட்டியின் 2010 நிலநடுக்கத்திலும் அதை எடுத்துப் பாவிக்க முடிந்தது. சமூக நலனுக்கான 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கே கொடுத்தது.

டெபியனின் குறைகளும் உண்டு. நிறுவி எனப்படும் நிறுவும் செயலிக்குப் பழைய தோற்றம். நிறுவும்போது ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்தால், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளை உங்கள் கணக்கில் வேலை செய்யாது. அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். செயலிகள் ஒன்றிரண்டு வருடம் பழையவை. 32 பிட் கணினிக்கு 13ஆம் பதிப்பில் நிறுவி இல்லை. வைஃபைக்குத் தேவையான, மூலநிரல் இல்லாத ஃபேர்ம்வெயர் என்ற சாதன மென்பொருளை 2022 வாக்கெடுப்புக்குப் பிறகு நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். தூய கொள்கைக்காரர்களுக்கு அதில் மனவருத்தம். எனக்கு வைஃபை இல்லாத லெப்டொப் வேண்டாம், ஆனாலும் அதை ஒளிக்காமல் வாக்குப் போட்டு, தனிப் பகுதியாகப் பிரித்து வைத்திருப்பது பிடித்திருக்கிறது. என்விடியா கிராபிக்ஸ் அட்டையும் விளையாட்டும் எனக்கு அனுபவமில்லாத இடம். அதில் மின்ட்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாகத் தொடங்குகிறவர் மின்ட்டே போடட்டும். வேலையிடத்தில் உபுண்டு என்றால் வீட்டிலும் அதுவே வசதி. வீட்டில் நாலு பேரின் கணினிக்கும் பொறுப்பானவர் நீங்கள்தான் என்றால் டெபியனைப் பாருங்கள். மச்சான் கொஞ்சம் இறங்கிவந்து தன் லெப்டொப்பில் எல்எம்டிஈ 7 போட்டிருக்கிறார். கீழே டெபியன், மேலே அவருக்குப் பிடித்த சினமன். அடுத்த டெபியன் பதிப்பு வரும்போது அதை மேலேற்றுவது எவ்வளவு இலகு என்று நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. அது சுகமாக நடந்தால், கடைக்கு அடுத்துவரும் கணினியில் எதைப் போடுவது என்பதைத் திரும்ப யோசிப்பேன்.