விண்டோஸிலிருந்து மேக்குக்கு: ஸ்கிரீன் ரீடரோடு ஒரு வருடம் தாண்டிய பிறகு

விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரோடு (திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் நிரல்) பல வருடம் ஓட்டிவிட்டு மேக்குக்கு மாறினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. "புது ஷார்ட்கட்களை மனப்பாடம் செய்தால் போதும்" என்றுதான் பலரும் சொன்னார்கள். ஷார்ட்கட் தானாகக் கைக்கு வந்துவிடும். திரையை மனதுக்குள் பிடித்து வைத்திருக்கும் விதத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு.

என்விடிஏ ஒரு வலைப்பக்கத்தை நீளமான ஒரே ஆவணமாக்கிக் கையில் கொடுத்துவிடும். கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போகலாம், ஹெச் அடித்தால் அடுத்த தலைப்பு. மேக்கின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ் ஓவருக்குத் திரை என்பது பெட்டிக்குள் பெட்டி. டூல்பார் ஒரு பெட்டி, மெயில் பட்டியல் ஒரு பெட்டி, மெயிலின் உள்ளடக்கம் இன்னொரு பெட்டி. கன்ட்ரோல், ஆப்ஷன் இரண்டையும் சேர்த்து விஓ என்பார்கள்; கேப்ஸ் லாக்கையும் அதற்கு வைத்துக்கொள்ளலாம். விஓ, ஷிப்ட், கீழ் அம்பு அழுத்தினால் பெட்டிக்குள் நுழையலாம். வெளியே வர அதே சேர்க்கையில் மேல் அம்பு. ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எது எதற்குள் இருக்கிறது என்பது பிடிபட்டதும், நெரிசலான நிரல்களில் தேவையில்லாததை எல்லாம் கேட்காமல் தாண்டிப் போக முடிகிறது.

வலைப்பக்கத்தில் இந்த வித்தியாசம் பெரிதாக உறுத்தாது. விஓ அழுத்தாமலே நகர உதவும் குயிக் நேவில் ஒற்றை எழுத்து வசதியைப் போட்டுவிட்டால் ஹெச் இங்கேயும் தலைப்புக்குத்தான் போகும். தலைப்பு, இணைப்பு என்று வகை பிரித்துத் தாவ உதவும் ரோட்டாரும் ஐபோனில் வாய்ஸ் ஓவர் பயன்படுத்துபவர்களுக்குப் பழகியதுதான்.

என்னை உண்மையில் ஆட்டிப்படைத்தது எழுத்துத் திருத்தம். விண்டோஸில் அம்புக்குறி விசையை அழுத்தினால், கர்சருக்கு வலப்பக்கம் இருக்கும் எழுத்தைச் சொல்லும். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதேதான். வாய்ஸ் ஓவரின் இயல்பு அமைப்பிலோ, கர்சர் எந்த எழுத்தைத் தாண்டியதோ அதைச் சொல்லும். 'பள்ளி' என்பதற்குப் 'பல்லி' என்று அடித்துவிட்டேன் என்று வையுங்கள். வலப்பக்கம் போகும்போது 'ல்' என்று கேட்டால் கர்சர் அந்த எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. பின்னழிப்பு விசை அதை அழிக்கும். இடப்பக்கம் வரும்போது அதே 'ல்' கேட்டால் கர்சர் அதற்கு முன்னால் நிற்கிறது. இப்போது பின்னழிப்பை அழுத்தினால் 'ப' போய்விடும். காதில் விழுவது ஒரே எழுத்து, கர்சர் நிற்கும் இடம் வேறு. வாய்ஸ் ஓவர் யூட்டிலிட்டியில் இதை விண்டோஸ் பாணிக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றவில்லை. எழுத்துகளுக்கு நடுவில் கர்சர் நிற்கிறது என்ற இந்தக் கணக்குதான் இப்போது எனக்கு நியாயமாகப் படுகிறது.

இன்னொன்று. கமாண்ட், டபிள்யூ அழுத்தினால் சாளரம்தான் மூடும், நிரல் பெரும்பாலும் மூடாது. விண்டோஸ் பழக்கத்தில் இருப்பவர், சாளரமே இல்லாத நிரலுக்குள் நின்றுகொண்டு எங்கே இருக்கிறோம் என்று துழாவ வேண்டிவரும். கமாண்ட், க்யூ-வைப் பழகிக்கொள்ளுங்கள்.

பிடித்த விஷயமும் சொல்ல வேண்டும். வாய்ஸ் ஓவர் 2005-இல் வந்த மேக்கின் டைகர் பதிப்பிலிருந்து இயங்குதளத்தோடே வருகிறது. புது மேக்கை முதல்முறை இயக்கும்போதே கமாண்ட், எஃப்5 அழுத்தினால் பேச ஆரம்பித்துவிடும்; மொழி தேர்வு முதல் பாஸ்வேர்ட் வரை பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. விண்டோஸிலும் இப்போது அதனோடே வரும் நரேட்டரை வைத்து இதைச் செய்யலாம். ஆனால் என்விடிஏ, ஜாஸ் போன்ற மற்ற ஸ்கிரீன் ரீடர்கள் எல்லாம் பிறகு நிறுவிக்கொள்பவை.

நான் வேலைக்குப் பயன்படுத்தும் ஒரு நிரலில் பாதிப் பொத்தான்களுக்குப் பெயரே கிடையாது. "பட்டன், பட்டன்" என்று பஜனை பாடும். மேக்கில் விஓ-வோடு சாய்கோட்டை அழுத்தி ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் வைத்தேன். அந்த நிரலை உருவாக்கியவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை.

விண்டோஸை முழுக்க விடவில்லை. பெரிய விரிதாள்களும், பலர் கருத்து எழுதி வைத்த நீண்ட ஆவணங்களும் இன்றும் அங்கேதான். அதில் என் கைக்கு அந்த வேகம் வேறெங்கும் வரவில்லை. என்விடிஏ-வுக்குப் பயனர்களே எழுதித்தரும் ஆட்-ஆன்கள் (கூடுதல் வசதிகள்) தரும் சுதந்திரத்துக்கும் மேக்கில் ஈடில்லை. அலுவலக வேலை முழுக்க இப்படித்தான் என்றால், மாறச் சொல்ல மாட்டேன். எழுத்து, மெயில், ஒலித்தொகுப்பு என்று போகிறவர்கள் தாராளமாக மாறலாம். பழைய கம்ப்யூட்டரை மட்டும் உடனே விற்றுவிடாதீர்கள். விஓ, கே அழுத்தினால் விசைப்பயிற்சி வரும்; எந்த விசையை அழுத்தினாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும், எதையும் கெடுக்காது. முதல் வாரம் அதிலேயே விளையாடுங்கள்.