பருவுக்கு லைட் ட்ரீட்மென்ட்: ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துப் பார்த்த அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தில் வலியோடு வந்திருப்பீர்கள். நீலமும் சிவப்புமான எல்.இ.டி. வெளிச்சம், என் முகத்தில் சிவந்து சீழ் கோத்து வலிக்கிற பருக்களை நன்றாகவே குறைத்தது. மூக்கோரத்துக் கரும்புள்ளிகளை ஒன்றும் செய்யவில்லை. பரு போன இடத்தில் விழுந்த கருந்திட்டுகளைப் போக்கவில்லை, பள்ளங்களை நிரப்பவில்லை. நிறுத்தினால் கொஞ்ச நாளில் பரு திரும்பி வருகிறது. இதெல்லாம் தெரிந்து பணம் கட்டினால் சரி. தெரியாமல் கட்டிவிட்டு வருத்தப்பட்டவர்கள் பலரை டாக்டர் வீட்டுக் காத்திருப்பு பெஞ்சிலேயே பார்த்தேன், அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வலங்கைமான் பக்கம், வேலை கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவது. பள்ளிக்கூட வயதில் ஆரம்பித்த பரு முப்பதை நெருங்கியும் போகவில்லை. சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) பிரச்சினை இருக்கிறது, அதனால் தாடையோரமும் கழுத்துப் பக்கமும்தான் அதிகம் வரும், மாதவிலக்குக்கு முந்தைய வாரம் கட்டாயம் வரும். வீட்டில் எல்லோரும் வைத்தியர்கள்தான். "சூட்டு உடம்புடி உனக்கு, சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்று அத்தை சொல்வார், பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துக் கொடுப்பார். அன்போடு கொடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நெற்றியில் வழிகிற தேங்காயெண்ணெய் பருவுக்கு நல்லதில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நெற்றிப் பரு அடங்கியது.

வெளிச்சத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். மெடிக்கல் ஷாப்பில் "முகம் பளிச்சுன்னு ஆயிடும்" என்று சொல்லிக் கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த கிரீமை யாரும் பருவுக்குப் போடாதீர்கள். என் சித்தி பெண் போட்டாள். முதல் வாரம் பளபளப்பு, அப்புறம் நிறுத்தினால் முகமெல்லாம் சிவந்து எரிச்சல், முன்னைவிடப் பெரிய பரு, தோல் மெலிந்து நரம்பு தெரிகிறது. 2018-லேயே மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. அவள் முகம் தேறி வரவே பல மாதம் ஆனது.

சரி, வெளிச்சம் என்ன செய்கிறது? டாக்டர் எனக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பருவில் வாழ்கிற ஒரு பாக்டீரியா, கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்று பெயர், தன் உடம்பில் போர்ஃபைரின் என்கிற பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. 415 நானோமீட்டரை (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அலைநீள அளவு இது) ஒட்டிய நீல வெளிச்சத்தை அந்தப் பொருள் நன்றாக இழுத்துக்கொள்ளும், இழுத்ததும் வினைபுரிகிற ஆக்சிஜன் உண்டாகி பாக்டீரியா செத்துப் போகும். 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு வெளிச்சத்தின் வேலை பெரும்பாலும் வீக்கத்தையும் சிவப்பையும் தணிப்பது. நீலம் தூறல் மாதிரி, மேல் மண்ணோடு நின்றுவிடும், சிவப்பு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதில் புற ஊதாக் கதிர் கிடையாது. வெயிலில் நின்றால் பரு போய்விடும் என்று இதை வைத்து யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சிட்டிங் என்பது பெரிய விஷயமே இல்லை. முகம் கழுவி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மடக்குப் பலகை மாதிரியான விளக்குக்கு முன்னால் படுக்க வைப்பார்கள். இருபது நிமிஷம் போல. வலி கிடையாது, இளஞ்சூடு தெரியும், முடிந்ததும் முகம் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கும், அன்றைக்கே வேலைக்குப் போகலாம். வாரம் இரண்டு முறை வரச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ஆயிரத்துச் சொச்சம், அது போக பஸ், அது போகக் கடையில் அரை நாள் அனுமதி.

முதல் மூன்று நான்கு வாரம் எதுவுமே தெரியவில்லை. இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது மாதம் பாதியில்தான் புதிதாக வருகிற பரு சின்னதாக வர ஆரம்பித்தது, வந்தாலும் இரண்டு நாளில் அமுங்கியது, முன்பெல்லாம் ஒரு வாரம் தலையணையில் கன்னத்தை வைக்க முடியாது. மூன்றாவது மாத முடிவில் அம்மாவே "மூஞ்சி தெளிஞ்சிருக்கே" என்றார். 2000-ம் ஆண்டு பிரிட்டனில் நூற்றுச் சொச்சம் பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வில், நீலமும் சிவப்பும் கலந்து தினமும் 12 வாரம் எடுத்தவர்களுக்கு அழற்சிப் பருக்கள், அதாவது சிவந்து வீங்குகிற பருக்கள், சராசரியாக 76 சதவீதம் குறைந்ததாக வந்திருக்கிறது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுவது இந்த மாதிரி எண்ணைத்தான். ஆனால் 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 71 ஆய்வுகளை, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை, ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, பருவுக்கான வெளிச்ச சிகிச்சைகளுக்கு உறுதியான ஆதாரம் இன்னும் போதவில்லை என்றுதான் சொன்னது. இரண்டையும் படித்துவிட்டுப் போங்கள். எனக்குக் குறைந்தது உண்மை, ஆனால் அதே காலத்தில் பருவுக்கான பூச்சு மருந்துகளான அடாபலீன் ஜெல்லை இரவிலும் பென்சாயில் பெராக்சைடைக் காலையிலும் போட்டுக்கொண்டிருந்தேன், எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. என் டாக்டரும் அப்படித்தான் சொன்னார்: "இது கூடமாட ஒத்தாசைக்குத்தான்மா, ஜெல்லை விட்டுடாதீங்க." (பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையையும் துப்பட்டாவையும் வெளுக்க வைக்கும், வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள்.)

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் வயலும் ரோடும் ஒன்றாகக் கிடக்கும்போது வாரம் இரண்டு முறை கிளினிக்குக்கு ஓடுவது நடக்கிற காரியமில்லை. ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப் போனது. ஜெல் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் தாடையில் பழைய மாதிரி இல்லாவிட்டாலும் பாதி அளவுக்குத் திரும்பி வந்தது. அப்போதுதான் எனக்கு இது முழுசாகப் புரிந்தது. எண்ணெய்ச் சுரப்பி அப்படியே இருக்கிறது, ஹார்மோன் அப்படியே இருக்கிறது, செத்த பாக்டீரியாவின் இடத்துக்குப் புதிது வந்துவிடுகிறது. எண்ணெய்ச் சுரப்பியையே குறிவைக்கிற 1726 நானோமீட்டர் லேசருக்கு அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. அது வேறு வகை, இந்த எல்.இ.டி. விளக்கோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்போது மிக முக்கியமான இடம், நம் நிறத்துக்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். பரு போனாலும் அது விட்டுப்போகிற கருந்திட்டு நமக்கு மாதக்கணக்கில் நிற்கும், வெள்ளைத் தோலில் அது இவ்வளவு தெரியாது. நீல வெளிச்சமே அந்தக் கருமையை ஏற்றக்கூடும். 2014-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் 415 நானோமீட்டர் வெளிச்சம் பட்ட தோல் நன்றாகக் கறுத்தது, 630 பட்ட தோல் கறுக்கவில்லை. என் கன்னத் திட்டுகள் இரண்டாவது மாதத்தில் கருமை கூடியதைக் காட்டியதும் டாக்டர் நீலத்தின் நேரத்தைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டினார், கூடவே இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் எழுதினார். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைச் சரியாகத் தடுக்காது. பங்குனியில் எங்கள் ஊரில் பாடைக்காவடித் திருவிழா பார்க்க வெயிலில் நின்றால் தெரியும், நிழல் என்று ஒன்று கிடையாது, அந்த வருஷம் அதைப் பூசி, மேலே துண்டையும் போட்டுக்கொண்டுதான் நின்றேன். எந்த கிளினிக்காக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் "என் நிறத்துக்கு நீலம் எவ்வளவு நேரம், கறுத்தால் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

பெஞ்சில் பழக்கமானவர்கள் கதையும் உங்களுக்கு உதவும். மன்னார்குடிப் பெண் ஒருவர், வேறொரு இடத்தில் பருவுக்கு ஐ.பி.எல். எடுத்துக்கொண்டு கன்னத்தில் கட்டம் கட்டமாகச் சுட்ட தடத்தோடு வந்தார். ஐ.பி.எல். என்பது பலமான பளிச் வெளிச்சம், தோலின் கருமையே அதை உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளைத் தோலுக்கு வைக்கிற அளவில் நம் தோலுக்கு வைத்தால் சுட்டுவிடும். அவர் கேட்டதற்கு "சரியாயிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. எல்லாவற்றையும் "லேசர்" என்று ஒரே பெயரில் சொல்லி விற்கிறார்கள், எந்த மெஷின், எந்த வெளிச்சம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாபநாசத்துப் பாலிடெக்னிக் பையன் ஒருவன் போட்டோடைனமிக் சிகிச்சை எடுத்தவன். முகத்தில் ஒரு மருந்தைப் பூசி, ஊற விட்டு, அதன் மேல் சிவப்பு வெளிச்சம் காட்டுவார்கள், சாதாரண எல்.இ.டி.யைவிட இது ரொம்பக் கடுமை. அழுகிற அளவுக்கு எரிந்தது அக்கா என்றான். அதற்கப்புறம் இரண்டு நாள் வெயில் மட்டுமில்லை, ஜன்னல் வெளிச்சம்கூடப் படக் கூடாது. வீட்டில் நடவு நடக்கிற சமயம், அப்பா தனியாக வயலில் நிற்க இவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்து, தோல் உரிந்து, ஒரு வாரத்துக்கு வெளியே தலைகாட்டவில்லை. ஆனால் அவனுக்குப் பரு பல மாதம் அடங்கியே இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். திருவையாற்றிலிருந்து வந்த கல்யாணப் பெண் மூன்று வாரத்தில் முகூர்த்தம் என்றார். டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார், இது அந்தக் கால அளவில் ஆகிற வேலை இல்லை, புதிதாக எதையும் ஆரம்பித்து முகத்தைச் சிவக்க வைத்துக்கொள்ளாதே என்று. கட்டி கட்டியாக, ஆழமாகப் பரு வந்த இன்னொரு பையனுக்கு வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லி ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் கர்ப்பம் ஆகவே கூடாது, குழந்தைக்குப் பெரிய பாதிப்பு வரும், அதனால் டாக்டர் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

மழைக்காலத்து அனுபவத்துக்கப்புறம் வீட்டிலேயே போட்டுக்கொள்கிற எல்.இ.டி. மாஸ்க் வாங்கினேன். கிளினிக் விளக்கைவிட பலம் குறைவுதான், ஆனால் பஸ் ஏற வேண்டாம், அதனால் விடாமல் போட முடிகிறது. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது கண். 2019-ல் நியூட்ரஜீனா தன் எல்.இ.டி. மாஸ்க்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும், வெளிச்சத்துக்குக் கண்ணைக் கூச வைக்கிற மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிக்க வாய்ப்பு இருக்கலாம் என்பதுதான் காரணம். நம்மில் பலர் பருவுக்கே டாக்சிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறோம், அது தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கிற மாத்திரை. என் டாக்டர் அந்தக் கோர்ஸ் முடிந்து இடைவெளி விட்ட பிறகுதான் வெளிச்சத்தை ஆரம்பித்தார். மாஸ்க்கில் கண் மறைப்பு சரியாக உட்காருகிறதா, எத்தனை நானோமீட்டர் என்று போட்டிருக்கிறதா, இரண்டும் இல்லாததை வாங்காதீர்கள். வெறும் வண்ண விளக்கு மாட்டிய மாஸ்க்குகளும் விற்கிறார்கள்.

காசுக்கு வழியில்லாதவர்கள் இதை எடுக்க முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம் என்று மனசாரச் சொல்கிறேன். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, சீட்டு போட்டு டாக்டரைப் பார்க்கலாம். ஜெல்லை ஒழுங்காக மூன்று மாதம் போட்டாலே பாதிப் பேருக்கு நல்ல மாற்றம் தெரியும், வெளிச்சம் அதற்கு மேல்தான்.

இன்றைய நிலவரம்: வாரம் மூன்று நாள் மாஸ்க், சிவப்பு அதிகம், நீலம் கொஞ்சம். இரவில் அடாபலீன். கருந்திட்டுக்குத் தனியாக அசிலாயிக் ஆசிட் கிரீம், அதுதான் திட்டை மெல்ல மெல்ல வெளுக்க வைக்கிறது. மாதவிலக்குக்கு முன் தாடையில் ஒன்றிரண்டு வரும், வலி இல்லை, நீர்க்கட்டிக்கும் பெண் மருத்துவரிடம் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கன்னத்துப் பள்ளங்களுக்கு என்ன செய்யலாம் என்று வெயில் ஏறுவதற்கு முன், தை மாதத்தில் டாக்டரைக் கேட்கப் போகிறேன். அதை எடுத்துக்கொண்டால் அதையும் எழுதுகிறேன்.